மாட்டுத் தொட்டியும் சப்வூஃபரும்

அண்ணா வணக்கம்,

மாடியில் ஒரு அறையை ஹோம் தியேட்டர் ஆக்கியிருக்கிறேன். 16 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரம். 12 இன்ச் சப்வூஃபர் (பேஸ் எனும் அடித்தொனிக்கான ஸ்பீக்கர் பெட்டி) ஒன்று, திரைக்குப் பக்கத்தில் வலது மூலையில். சோஃபா அறையின் நட்டநடுவில். படம் போட்டால் எனக்கு ஆழமான பேஸ் துளியும் கேட்கவில்லை, ஏதோ ஒரு சத்தம் மட்டும் மொத்து மொத்தென்று வருகிறது. பின்சுவரை ஒட்டிய திவானில் இருக்கும் மனைவியோ "காது அடைக்குது, குறைங்க" என்கிறாள். கடையில் 15 இன்ச் வாங்கு, சுவரில் ஃபோம் ஒட்டு என்கிறார்கள். ஸ்பீக்கர்களுக்குச் சத்தத்தைப் பிரித்து அனுப்பும் ரிசீவர் வேறு 9 அடியில் இருக்கும் சப்வூஃபரை 15 அடி என்று தப்பாக அளந்தது, அதை நானே டேப் வைத்துத் திருத்திவிட்டேன். என்ன செய்யலாம்?

ஒரு வாசகர், ஈரோடு

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் அந்த 15 இன்ச்சை மறந்துவிடுங்கள். பெட்டியில் குறை இருந்தால் திவானில் இருப்பவருக்குக் காது அடைக்காது. ஒரே பெட்டி, ஒரே படம், எட்டடி தள்ளி உட்கார்ந்தவருக்கு வேறு சத்தம் என்றால் கோளாறு அறையில் இருக்கிறது. இன்னும் சரியாகச் சொன்னால் நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில்.

ஊரில் மாட்டுத் தொட்டி பார்த்திருப்பீர்கள், சிமெண்டில் நீளமாகக் கட்டியது. சின்ன வயதில் அதில் கையை விட்டுத் தண்ணீரை முன்னும் பின்னும் தள்ளி விளையாடி முதுகில் வாங்கியவன் நான். தாளம் சரியாக விழுந்தால் இரண்டு ஓரத்திலும் தண்ணீர் ஏறி ஏறி வெளியே கொட்டும். நடுவில் மிதக்கும் வைக்கோல் துரும்பு மட்டும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போய் வருமே தவிர, உயராது, தாழாது. உங்கள் அறைதான் அந்தத் தொட்டி. சோஃபாவில் இருக்கும் நீங்கள் துரும்பு.

கணக்கு எளிது. ஒலி விநாடிக்குச் சுமார் 1130 அடி போகிறது, 16 அடி அறையில் போய்த் திரும்ப 32 அடி, வகுத்தால் 35. ஆக 35 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 35 அதிர்வில், உங்கள் அறை தொட்டி மாதிரி ஆடும்: முன்சுவரிலும் பின்சுவரிலும் உச்சம், நட்டநடுவில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. குண்டு வெடிக்கும்போது அடிவயிற்றில் தெரிய வேண்டியதெல்லாம் அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. அதன் இரட்டிப்பான 70-இல் நடுவிலும் உச்சம். உங்கள் 'மொத்து மொத்து' பெரும்பாலும் அதுதான். அகலத்துக்கு 47, உயரத்துக்கு 56 என்று இன்னும் இரண்டு உண்டு, அவை இப்போதைக்குக் கிடக்கட்டும். (நீளமும் அகலமும் ஒன்றாக 12க்கு 12 கட்டியவர்களுக்கு இரண்டும் ஒரே இடத்தில் வந்து விழும். அவர்கள் தனியாகக் கடிதம் எழுதட்டும், சேர்ந்து அழுவோம்.)

இன்னொன்று. இணையத்தில் நாம் படிக்கும் யோசனைகளில் பாதி அமெரிக்கக்காரர்கள் எழுதியவை. அவர்கள் வீடு மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்தது, பேஸில் கொஞ்சம் சுவரோடு போய்விடும். நம் வீடு செங்கல் சுவர், மேலே கான்கிரீட். போன சத்தம் அப்படியே திரும்பி வரும், அதனால் ஏற்ற இறக்கமும் நமக்குக் கூடுதல்.

சரி, வேலைக்கு வருவோம். சோஃபாவை இரண்டடி பின்னால் தள்ளுங்கள், காது திரையிருக்கும் சுவரிலிருந்து பத்தடியில் இருக்கட்டும். இன்னும் பின்னால் போய் பன்னிரண்டில் நிறுத்தினால் 70-இன் பள்ளத்தில் விழுவீர்கள், அதனால் பத்தோடு நில்லுங்கள். செலவு இல்லை, இன்று ராத்திரியே செய்யலாம்.

அப்புறம் சப்வூஃபருக்கு இடம் பார்க்க வேண்டும். அதைத் தூக்கி சோஃபாவில், நீங்கள் உட்காரும் இடத்திலேயே வையுங்கள். 30, 40, 50 என்று ஒவ்வொரு ஹெர்ட்ஸாக டோன் போட்டு, அளவான சத்தத்தில், சுவரோரமாகத் தவழ்ந்து போங்கள். எந்த இடத்தில் எல்லா டோனும் ஏறக்குறைய ஒரே அளவில் கேட்கிறதோ அங்கே பெட்டியை இறக்குங்கள். பெட்டியும் காதும் இடம் மாறினாலும் கேட்பது மாறாது என்பதுதான் இதன் சூட்சுமம். நான் தவழ்ந்துகொண்டிருந்தபோது பால்காரர் வாசலில் வந்து நின்றார். நீங்கள் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். இல்லை, சாத்த வேண்டாம், படம் பார்க்கும்போது கதவு எப்படி இருக்குமோ அப்படியே இருக்கட்டும், திறந்த கதவுக்கும் மூடிய கதவுக்கும் பேஸ் மாறும்.

ரிசீவர் 15 அடி என்று சொன்னது தப்பில்லை தம்பி, திருத்தியதுதான் தப்பு. சப்வூஃபருக்கு உள்ளே இருக்கும் சர்க்யூட் சத்தத்தைக் கொஞ்சம் தாமதப்படுத்துகிறது, ரிசீவர் அந்தத் தாமதத்தையும் அடிக்கணக்கில் சேர்த்துச் சொல்கிறது. டேப்பை நம்பி 9 என்று போட்டதும் முன் ஸ்பீக்கரும் சப்வூஃபரும் சேரும் 80 ஹெர்ட்ஸ் பக்கம் ஒன்றையொன்று தின்ன ஆரம்பித்திருக்கும். பெட்டியை நகர்த்திய பிறகு மைக் வைத்து மறுபடி அளக்க விடுங்கள், வந்த எண்ணில் கை வைக்காதீர்கள். பெட்டியின் முதுகில் கிராஸ்ஓவர் குமிழ் (எந்த ஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டுவது என்று வைப்பது) இருந்தால் அதை மேல் கோடிக்குத் திருகிவிடுங்கள், அந்த வேலையை ரிசீவர் பார்க்கட்டும், இரண்டு பேரும் வெட்டக் கூடாது.

ஃபோம் விஷயத்தில் எனக்கு அனுபவம் உண்டு, என்னுடையது இன்னும் கேவலம். கடை கடையாகக் கேட்டு முட்டை அட்டை சேர்த்துச் சுவர் முழுக்க ஒட்டினேன். பேஸ் ஒரு இம்மி அசையவில்லை, பல்லிகள் குடும்பத்தோடு குடிவந்தன. 35 ஹெர்ட்ஸ் அலை 32 அடி நீளம், இரண்டு இன்ச் ஃபோம் அதை என்ன செய்துவிடும்? பேச்சு எதிரொலித்தால் ஃபோம் உதவும், அவ்வளவுதான்.

பணம் செலவு பண்ணியே தீருவேன் என்றால் உங்களிடம் இருப்பது போலவே இன்னொரு சப்வூஃபர் வாங்குங்கள். ஒன்று முன்சுவரின் நடுவில், ஒன்று பின்சுவரின் நடுவில். தொட்டியின் இரண்டு பக்கமும் நின்று இரண்டு பேர் ஒரே நேரத்தில் தள்ளினால் தண்ணீர் எந்தப் பக்கம் ஏறும்? ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்டி 2002-இல் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார், எதிரெதிர் சுவர்களின் நடுவில் இரண்டு வைத்தால் நான்கு வைத்ததற்குப் பக்கத்தில் வந்துவிடும் என்று. ஒரு இழப்பு உண்டு, மூலை இலவசமாகத் தந்துகொண்டிருந்த சத்தம் குறையும். ஆனால் உங்களுக்கும் மனைவிக்கும் ஏறக்குறைய ஒரே படம் கேட்கும்.

ஈக்யூ, அதாவது ஒவ்வொரு ஹெர்ட்ஸின் சத்தத்தையும் தனியாக ஏற்றி இறக்கும் வசதி, கடைசியில். அறையை அளக்கும் ரூம் ஈக்யூ விசார்ட் மென்பொருள் இலவசம், அளவு சரிபார்த்த யூஎஸ்பி மைக் ஒன்று இருந்தால் போதும். மேட்டை வெட்டலாம், பள்ளத்தை நிரப்பப் பார்க்காதீர்கள். 10 டெசிபல் ஏற்ற பத்து மடங்கு பவர் வேண்டும், 300 வாட் ஆம்ப் 3000-க்கு எங்கே போகும்? அப்படியே ஏற்றினாலும் சோஃபாவில் பள்ளம் பள்ளமாகவே இருக்கும், திவானில் மட்டும் இடி விழும்.

அந்தத் திவானைச் சுவரிலிருந்து ஒன்றரை அடி முன்னால் இழுத்துப் போட முடியுமா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். சோஃபா தள்ளியதும் நடுவில் நடக்க இடம் இருக்காது என்று பதில் வரும். அதற்கு என்னிடம் விடை இல்லை, எங்கள் வீட்டிலும் அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை.