நாலு வால்வில் ஒன்று மட்டும் சிவக்கிறது, எதை வாங்குவது?

கேள்வி: என்னிடம் நாலு இஎல்34 வால்வு (ஒலியைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்) போட்ட பழைய ஸ்டீரியோ ஆம்ப் இருக்கிறது. ஒவ்வொரு வால்வுக்கும் தனி பயாஸ் திருகு (வால்வில் ஓடும் கரண்ட்டை அளவாக வைப்பது) உண்டு. ஒரு வாரமாக வலது பக்கம் ‘ம்ம்ம்’ என்று ஹம் கேட்கிறது. அந்தப் பக்கத்து வால்வு ஒன்றின் தகடு செக்கச்செவேல் என்று சிவக்கிறது. கடைக்காரர், "கேடி88 போடுங்க, அதே சாக்கெட்ல உட்காரும், பவரும் கூடும்" என்கிறார். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். ஆம்பையும் போடாதீர்கள்.

ஹீட்டரின் ஆரஞ்சு வெளிச்சம் எப்போதும் இருப்பதுதான். அதைச் சுற்றியுள்ள சாம்பல் நிறத் தகடு சிவந்தால், தாங்க முடியாத கரண்ட் ஓடுகிறது என்று அர்த்தம். கோளாறு வால்வில் இருக்கலாம், சாக்கெட்டுக்கு அடியிலும் இருக்கலாம். எது என்று தெரியாமல் புதுசைச் செருகினால் அதுவும் அதே கதிதான்.

ஆம்ப் நன்றாக ஆறியபின், சிவந்த வால்வையும் அதே பக்கத்தில் இருக்கும் அதன் ஜோடியையும் இடம் மாற்றுங்கள். ஸ்பீக்கர் இணைப்பு அப்படியே இருக்கட்டும். சுவிட்சைப் போட்டு, கை சுவிட்சிலேயே இருக்க, சில நிமிடம் கண்ணெடுக்காமல் பாருங்கள். சிவப்பு தெரிந்த நொடியே அணைத்துவிடுங்கள். வால்வோடு சேர்ந்து சிவப்பும் இடம் மாறினால் வால்வு போய்விட்டது. பழைய சாக்கெட்டிலேயே நின்றால் வால்வின் மேல் பழி இல்லை. பழைய ஆம்பில் நான் முதலில் சந்தேகப்படுவது, முந்தைய கட்டத்திலிருந்து ஒலியை மட்டும் கடத்திவிடும் கப்ளிங் கப்பாசிட்டரைத்தான். அது கசிந்தால் முந்தைய கட்டத்தின் பிளஸ் வோல்ட், கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் 5ஆம் பின்னுக்கு வந்து, வால்வை அடக்கி வைத்திருக்கும் மைனஸ் வோல்ட்டைக் கெடுத்துவிடும். அதை மெக்கானிக் பார்க்கட்டும். உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கப்பாசிட்டரில் தங்கியிருக்கும்.

வால்வுதான் போனது என்றால் இஎல்34தான் வாங்க வேண்டும். கேடி88 அந்தச் சாக்கெட்டில் உட்காரும் என்பது உண்மை. ஆனால் அதை அடக்க இன்னும் அதிக மைனஸ் வோல்ட் வேண்டும். உங்கள் திருகு அவ்வளவு தூரம் போகாவிட்டால் கரண்ட் எகிறி டிரான்ஸ்ஃபார்மர் கொதிக்கும். வால்வு மறுபடி கிடைக்கும், அந்த டிரான்ஸ்ஃபார்மர் கிடைக்காது. ‘பவர் கூடும்’ என்பதும் வெறும் பேச்சு. பவர் சப்ளையும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் பழையவையாக இருக்கும்போது வால்வு மட்டும் எங்கிருந்து கூட்டித் தரும்?

பெயரைப் படிக்கத் தெரிந்தால் பாதி ஏமாற்று குறையும். இஎல்34இல் ‘இ’ என்றால் 6.3 வோல்ட் ஹீட்டர், ‘எல்’ பவர் பென்டோடு (ஐந்து மின்முனை உள்ள பவர் வால்வு), 3 எட்டுப் பின் ஆக்டல் அடி. இஎல்84இல் 8 என்பது ஒன்பது பின் குட்டி அடி. பவர் வால்வுகளுக்கு முன்னால் நிற்கும் சின்ன வால்வு இசிசி83தான் அமெரிக்கப் பெயரில் 12ஏஎக்ஸ்7. இரண்டும் ஒன்றே, குழம்ப வேண்டாம்.

ஒற்றை வால்வாக வாங்காதீர்கள், குறைந்தது மேட்ச் செய்த (ஒரே அளவு கரண்ட் இழுக்கும்) ஜோடி. முடிந்தால் நாலும். ஜோடி வால்வு எதிரெதிராக வேலை செய்யும் புஷ்-புல் சர்க்யூட்டில் இரண்டு வால்வும் ஒரே அளவு கரண்ட் இழுத்தால்தான் பவர் சப்ளையின் ஹம் டிரான்ஸ்ஃபார்மருக்குள் ஒன்றையொன்று அடித்து அழிந்துபோகும். உங்கள் ஹம்முக்கும் பெரும்பாலும் இந்தச் சமம் கெட்டதுதான் காரணம்.

பிராண்டா? ஸ்லோவாக்கியாவின் ஜேஜே, ரஷ்யாவின் சரத்தோவ் ஆலையிலிருந்து வருபவை, எதுவானாலும் போதும். இன்று முல்லார்ட் பெயரில் வரும் புது வால்வும் சரத்தோவில் செய்ததுதான். இங்கிலாந்தின் பிளாக்பர்னில் செய்த பழைய முல்லார்ட் வேறு, விலையும் வேறு. பழையது வாங்கினால் கண்ணாடிக்குள் இருக்கும் வெள்ளிப் பூச்சைப் பாருங்கள். பால் வெள்ளையாக மாறியிருந்தால் காற்று புகுந்துவிட்டது. அப்படி ஒன்றை நானே ஒருமுறை ஆசையில் வாங்கி ஏமாந்திருக்கிறேன்.

புது வால்வு போட்டதும் பயாஸ் வைக்க வேண்டும். இஎல்34இன் தகடு 25 வாட் தாங்கும். அதில் 70 சதவீதம், அதாவது 17.5 வாட்டில் நிறுத்துவது நல்லது. தகட்டில் 430 வோல்ட் என்றால் 40 மில்லி ஆம்பியர். கேத்தோடில் (வால்வுக்குள் எலக்ட்ரான் கிளம்பும் முனை) 10 ஓம் ரெசிஸ்டர் இருந்தால் மல்டிமீட்டரில் 0.4 வோல்ட் காட்டும். திருகைத் துளித்துளியாகத் திருப்புங்கள். அரை மணி நேரம் சூடேறியபின் மறுபடி பாருங்கள், ஒரு வாரம் பாட்டுக் கேட்டபின் இன்னொரு முறை. புது வால்வு முதல் சில நாளில் கொஞ்சம் நகரும்.