நாட்பட்ட நரம்பு வலியும் கன்னாபினாய்டு மருந்துகளும்: கேள்வி பதில்

நரம்பு வலி ஆய்வில் ஈடுபட்டிருப்பவர் என்ற முறையில் எனக்கு வந்த கேள்விகளில், நரம்பு வலியையும் கன்னாபினாய்டுகளையும் (கஞ்சாச் செடியில் உள்ள பொருள்களும் அவற்றைப் போல உடலில் இயங்கும் பிற பொருள்களும்) தொடுபவற்றைச் சேர்த்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: என் தந்தைக்கு நீரிழிவு நோய் உண்டு. இரவில் போர்வை பட்டால்கூடப் பாதம் தீயாக எரிகிறது என்கிறார். பாதத்தில் புண்ணோ வீக்கமோ இல்லை. அப்படியானால் இந்த வலி எங்கிருந்து வருகிறது?

பதில்: பாதத்தில் புண் இல்லை என்பதால் வலி பொய்யாகிவிடாது. இங்கே பழுதடைந்திருப்பது வலியை எடுத்துச் செல்லும் நரம்புதான். சிதைந்த நரம்பிழைகளின் சவ்வில் சோடியத்தை உள்ளே விடும் வாயில்கள் முறை தவறி இயங்கத் தொடங்கும்போது, தொடுவார் யாரும் இல்லாமலேயே அந்த இழைகள் மின்துடிப்புகளை அனுப்புகின்றன.

இதோடு தண்டுவடமும் மாறிவிடுகிறது. வலித் தூண்டல் தொடர்ந்து வந்தால் தண்டுவட நரம்பணுக்கள் மிகை உணர்திறன் கொள்கின்றன என்பதை கிளிஃபோர்ட் வூல்ஃப் 1983இல் காட்டினார். அங்கே நடப்பதை 2003க்கும் 2005க்கும் இடையில் வந்த விலங்கு ஆய்வுகள் உயிரணு அளவில் விளக்கின. நரம்பு காயம்பட்டதும் தண்டுவடத்தில் உள்ள மைக்ரோகிளியா என்னும் காவல் அணுக்கள் விழித்துக்கொண்டு பிடிஎன்எஃப் என்ற புரதத்தைச் சுரக்கின்றன. அது, வலியைக் கடத்தும் நரம்பணுக்களிலிருந்து குளோரைடை வெளியேற்றும் கேசிசி2 என்ற புரதத்தைக் குறைத்துவிடுகிறது. குளோரைடு உள்ளே தேங்கிவிட்டால், அந்த அணுக்களை அடக்கி வைக்க வேண்டிய காபா என்னும் வேதிப்பொருளுக்கு அடக்கும் வலிமை போய்விடுகிறது. போர்வையின் மெல்லிய தொடுகையை வலியாகாமல் தடுத்து நிறுத்தி வந்த காவல் இப்படித்தான் தளர்கிறது.

இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை ஆண் விலங்குகளில் செய்யப்பட்டவை. பெண் எலிகளில் மைக்ரோகிளியாவைத் தடுத்தாலும் வலி குறையவில்லை என்று 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. நரம்பு வலி பெண்களிடம் அதிகம் காணப்படும் நிலையில், இத்தனை ஆண்டுகள் ஒரு பாலினத்தை மட்டும் வைத்து முடிவுகளை எட்டியதை இத்துறையின் பெருங்குறையாகவே நான் கருதுகிறேன்.

கேள்வி: கஞ்சாச் செடியில் உள்ள பொருளுக்கும் நம் நரம்புகளுக்கும் என்ன தொடர்பு?

பதில்: போதை தரும் டிஎச்சி என்ற பொருளை 1964இல் ரஃபேல் மெகூலமும் யெகியேல் காவோனியும் தனியாகப் பிரித்தெடுத்து அதன் அமைப்பை அறிவித்தார்கள். அது மூளையில் எந்த ஏற்பியில் (உயிரணுவின் மேல் வேதிச்செய்தியைப் பெறும் புரதத்தில்) சென்று பொருந்துகிறது என்பது தெரிய 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஏற்பிதான் சிபி1. நோயெதிர்ப்பு அணுக்களில் மிகுதியாக உள்ள சிபி2 என்ற ஏற்பி 1993இல் அடையாளம் காணப்பட்டது. இடையில், 1992இல், இந்த ஏற்பிகளுக்கென்று நம் உடலே உற்பத்தி செய்யும் ஆனந்தமைடு கண்டறியப்பட்டது.

வழக்கமாக நரம்புச் செய்தி, அதை அனுப்பும் நரம்பணுவான முன்னணுவிலிருந்து அதைப் பெறும் நரம்பணுவான பின்னணுவுக்குச் செல்லும். உடலின் சொந்தக் கன்னாபினாய்டுகளோ எதிர்த்திசையில் செல்கின்றன. மிகையாகத் தூண்டப்பட்ட பின்னணு அவற்றை வெளிவிட, அவை முன்னணுவில் உள்ள சிபி1 ஏற்பியைச் சென்றடைந்து, மேற்கொண்டு வேதிச்செய்தி வராமல் அடக்குகின்றன. வலி செல்லும் பாதை நெடுகிலும், தோலின் நரம்பு முனை முதல் தண்டுவடம், நடுமூளை வரை, இந்த ஏற்பி உண்டு. மூச்சைக் கட்டுப்படுத்தும் மூளைத்தண்டுப் பகுதிகளில் மட்டும் அது மிகக் குறைவு. மார்ஃபின் போன்ற ஓப்பியாய்டு மருந்துகளைப் போல இவை மூச்சை நிறுத்தி உயிரைப் பறிக்காமல் இருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

கேள்வி: அப்படியென்றால் இந்நேரம் சிறந்த மருந்து வந்திருக்க வேண்டுமே?

பதில்: விலங்குகளில் கிடைத்த பலன் மனிதர்களில் அதே அளவில் கிடைக்கவில்லை. 2018இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, 1,750 பேர் பங்கேற்ற 16 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. வலி பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தவர்கள் கன்னாபினாய்டு எடுத்தவர்களில் 21 விழுக்காடு. மருந்துப்போலி எடுத்தவர்களில் 17 விழுக்காடு. அந்த மதிப்பாய்வின் கணக்குப்படி, ஏறத்தாழ 20 பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்கு மட்டுமே மருந்தால் அந்த அளவு கூடுதல் பலன் கிடைக்கிறது. தலைசுற்றல், மயக்கம் போன்ற நரம்பு சார்ந்த பக்கவிளைவுகளோ 61 விழுக்காட்டினருக்கு வந்தன. மருந்துப்போலி எடுத்தவர்களில் இது 29 விழுக்காடு. சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2021இல், வலிக்காகக் கன்னாபினாய்டுகளைப் பொதுவாகப் பயன்படுத்துவதை ஆதரிக்க இயலாது என்று அறிவித்ததற்கு இத்தகைய சான்றுகளே அடிப்படை. அந்த நிலைப்பாடு சரியென்றே நான் நினைக்கிறேன். ஆனால் ஆய்வைத் தொடர வேண்டும் என்றும் அதே அறிக்கை வலியுறுத்தியதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: எனக்கு அக்கிக்குப் பிறகு வந்த நரம்பு வலி. டிஎச்சி கலந்த மருந்து எடுத்தால் தாங்க முடிகிறது. அது வெறும் மனப்பிரமை என்கிறீர்களா?

பதில்: இல்லை. நீங்கள் ‘தாங்க முடிகிறது’ என்று எழுதியிருப்பதை நான் கவனமாக எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் ஆக்ஸ்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2013இல் கண்டதும் ஏறக்குறைய அதுவே. நலமான 12 தன்னார்வலர்களின் காலில் மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் களிம்பைப் பூசி, டிஎச்சி மாத்திரையோ மருந்துப்போலியோ கொடுத்து, மூளையை எம்ஆர்ஐ கருவியில் பதிவு செய்தார்கள். எரிச்சலின் அளவு எவ்வளவு என்று கேட்டபோது சராசரியில் பெரிய வேறுபாடு இல்லை. அது எவ்வளவு வதைக்கிறது என்று கேட்டபோது டிஎச்சி எடுத்த வேளையில் குறைவாகச் சொன்னார்கள். உணர்ச்சிகளோடு தொடர்புடைய அமிக்டலா என்ற மூளைப் பகுதியின் செயல்பாடு இந்த மாற்றத்தோடு சேர்ந்து மாறியது. ஆளுக்கு ஆள் பலனும் பெரிதும் வேறுபட்டது. சிறிய ஆய்வுதான் என்றாலும், வலியின் அளவை மட்டும் எண்ணில் கேட்கும் சோதனைகள் எதைத் தவறவிடக்கூடும் என்பதை இது உணர்த்துகிறது.

கேள்வி: ஆனந்தமைடு நம் உடலிலேயே இருக்கிறதென்றால், அதை அழியாமல் காத்தால் போதாதா?

பதில்: அந்த முயற்சி நடந்தது. ஆனந்தமைடைச் சிதைக்கும் ஃபா என்ற நொதியைத் தடுக்கும் ஒரு மருந்து, மூட்டுத் தேய்மான வலி உள்ளவர்களின் ரத்தத்தில் ஆனந்தமைடை நன்றாகவே உயர்த்தியும் வலியைக் குறைக்கவில்லை என்று 2012இல் தெரிந்தது. 2016இல் பிரான்சின் ரென் நகரில் அதே நொதியைக் குறிவைத்த வேறொரு மருந்தின் சோதனையில் தன்னார்வலர் ஒருவர் இறந்தார். வேறு சிலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அந்த மருந்து வேறு பல நொதிகளையும் தாக்கியது என்பது அடுத்த ஆண்டு வெளிவந்தது.

கேள்வி: போதை இல்லாமல் வலி நிவாரணம் மட்டும் கிடைக்க வழியுண்டா?

பதில்: இத்துறையில் எனக்கு மிகுந்த நம்பிக்கை தருவது இந்தக் கேள்விதான். 2007இல் ஹைடல்பெர்க் ஆய்வாளர்கள், மூளையையும் தண்டுவடத்தையும் தொடாமல், வலியுணர் நரம்புகளில் மட்டும் சிபி1 ஏற்பியை நீக்கிய எலிகளை உருவாக்கினார்கள். அவற்றில் கன்னாபினாய்டு தரும் நிவாரணத்தின் பெரும்பகுதி மறைந்துவிட்டது. நிவாரணம் பெருமளவு உடலின் புற நரம்புகளிலும் போதை மூளையிலும் நிகழ்கின்றன என்றால், ரத்தத்தில் உள்ள பல பொருள்களை மூளைக்குள் விடாமல் தடுக்கும் ரத்த-மூளைத் தடையைத் தாண்டாத மருந்தால் இரண்டையும் பிரிக்கலாம். 2025இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வில், சிபி1 ஏற்பிக்குள் மறைந்திருக்கும் ஒரு குழிவில் பொருந்துமாறு வடிவமைத்த மூலக்கூறு, மூளைக்குள் மிகக் குறைவாகவே நுழைந்து, எலிகளின் வலியைக் குறைத்தது. திரும்பத் திரும்பக் கொடுத்தும் அதன் பலன் பெரிதாகத் தேயவில்லை. எலிகளில் கண்ட பலன் மனிதர்களில் கைவிட்டதை ஏற்கெனவே பார்த்தோம் என்பதால், மனிதச் சோதனைக்கு முன் இதை மருந்து என்று நான் அழைக்க மாட்டேன்.

கேள்வி: கஞ்சாச் செடியில் உள்ள, போதை தராத சிபிடி என்ற பொருளின் எண்ணெயை மட்டும் எடுத்தால் தீங்கில்லை அல்லவா? வழக்கமான மாத்திரைகளை நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம். அமிட்ரிப்டிலின், டுலோக்செட்டின், கபாபென்டின், பிரிகாபலின் ஆகியவையே நரம்பு வலிக்கு முதல்நிலை மருந்துகள். இவற்றின் பலனும் எல்லோருக்கும் கிடைப்பதில்லை என்றாலும், இவற்றுக்குப் பின்னால் உள்ள சான்று வலுவானது. சிபிடிக்கு உறுதியான சான்று இருப்பது சில கடுமையான வலிப்பு நோய்களில்தான், நரம்பு வலியில் அல்ல. மேலும் அது கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளைத் தடுப்பதால், ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை எடுப்பவர்களுக்கு ரத்தம் உறையும் தன்மை அளவுக்கு மீறிக் குறையலாம். உங்கள் தந்தையோ தாயோ இதைத் தொடங்கியிருந்தால், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது எண்ணெய்ப் புட்டியையும் மற்ற மாத்திரைகளையும் சேர்த்தே எடுத்துச் சென்று காட்டச் சொல்லுங்கள்.