வாய்ப்புற்றுக்காக அப்பாவின் தாடையை எடுத்துவிட்டு, காலெலும்பை வைத்து பிளாஸ்டிக் சர்ஜரி செய்யலாம் என்கிறார்கள். இது அவசியமா, வெறும் அழகுக்கா?

உங்கள் அப்பாவுக்கு முன்தாடை போகிறது என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். பின்பக்கம் மட்டும் என்றால் எலும்பு வைக்காமல் தசையும் தோலும் வைத்து முடிப்பதும் உண்டு. அதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். நான் டாக்டர் இல்லை, ஆஸ்பத்திரியில் அப்பாவின் கட்டிலுக்குக் கீழே 19 நாள் பாய் விரித்துப் படுத்தவன். "உனக்கென்ன தெரியும்" என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

'அழகுக்கா' என்று கேட்டிருக்கிறீர்கள் பாருங்கள், அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். எங்கள் சொந்தக்காரர்களும் அதைத்தான் கேட்டார்கள். "இந்த வயசுல மாமாவுக்கு எதுக்குப்பா பிளாஸ்டிக்கு?" உள்ளே பிளாஸ்டிக் எதுவும் வைப்பதில்லை. உருக்கொடுப்பது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது.

அப்பா பஸ் டிரைவராக இருந்தவர். முப்பது வருடம் கீழ் உதட்டுக்குள் புகையிலை அதக்கியே வண்டி ஓட்டினார். 2022-ல் முன்பல் ஒன்று ஆடியது, பிடுங்கினோம். பிடுங்கிய குழி இரண்டு மாதமாகியும் ஆறவில்லை. சதை எடுத்துப் பரிசோதித்ததும் தெரிந்துவிட்டது. முன்தாடையை எடுத்துவிட்டு அப்படியே தைத்தால் நாக்கைப் பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது, மூச்சு அடைக்கும், எச்சில் நிற்காமல் வழியும், சோறு உள்ளே நிற்காது என்றார் டாக்டர். எலும்பில்லாமல் வெறும் உலோகத் தகடு போதாதா என்று நானும் கேட்டேன். கதிர்வீச்சு கொடுத்த பிறகு தகடு மட்டும் இருந்தால் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடுமாம்.

அதனால் முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் இருக்கிற ஒல்லி எலும்பை, அதன் ரத்தக்குழாயோடும் மேல்தோலோடும் எடுத்தார்கள். உடல் எடையைத் தாங்குவது பக்கத்தில் இருக்கும் தடித்த எலும்புதான், அதைத் தொடுவதில்லை. கணுக்கால் ஆடாமலிருக்க அடிப்பக்கத்தில் கொஞ்சம் விட்டுவைப்பார்கள். எடுத்த எலும்பைத் துண்டு போட்டுத் தாடை மாதிரி வளைத்து டைட்டானியம் தகட்டில் முடுக்கி, அதன் ரத்தக்குழாயைக் கழுத்துக் குழாயோடு மைக்ராஸ்கோப்பில் பார்த்துத் தைக்கிறார்கள். தாடைக்கு இந்த முறையை 1989-ல் டேவிட் ஹிடால்கோ என்ற அமெரிக்க சர்ஜன் எழுதினார். ஆக இது நேற்று வந்த சோதனை இல்லை. எங்களுக்குப் பதினோரு மணி நேரம் ஆனது.

அதற்குப் பிறகுதான் பயமே. மணிக்கொரு தடவை சிஸ்டர் வந்து டார்ச் அடித்து வாய்க்குள் இருக்கும் கால்தோலைப் பார்ப்பார். "தாத்தா, லேசா குத்துறேன்" என்று ஊசி நுனியால் ஒரு குத்து. ரத்தம் பளிச்சென்று சிவப்பாக எட்டிப்பார்த்தால் நல்லது. இரண்டாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்குக் கறுப்பாக, சட்டென்று பொங்கி வந்தது. சிஸ்டர் ஒன்றும் சொல்லாமல் போனை எடுத்தார். வைத்த எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய், அதாவது சிரை, அடைத்திருந்தது. அரை மணிக்குள் மறுபடி தியேட்டர். பிழைத்துக்கொண்டது. விடிந்து பார்த்திருந்தால் மொத்தமும் செத்திருக்கும் என்றார்கள். ஆகவே எந்த ஆஸ்பத்திரி என்று முடிவு செய்யும் முன், ராத்திரி யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள்.

அப்பா வலிக்கிறது என்று எழுதிக் காட்டியது வாயையும் இல்லை, காலையும் இல்லை. கால் காயத்தை மூடத் தோல் சீவிய தொடையைத்தான். இன்னொன்று, காலில் இருந்த முடி வாய்க்குள்ளும் வளரும். கதிர்வீச்சு முப்பது தடவை கொடுத்ததில் உதிர்ந்துவிட்டது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, நான் சொல்லிவிடுகிறேன்.

பணம். எங்கள் இன்சூரன்ஸ் கம்பெனி (பெயர் வேண்டாம்) புற்றை எடுத்ததற்குக் கொடுத்துவிட்டு, பிளாஸ்டிக் சர்ஜன் கட்டணத்தை 'அழகு சிகிச்சை' என்று வெட்டிவிட்டது. பாலிசியை எடுத்து விலக்குகளில், அதாவது எதற்கெல்லாம் பணம் கிடையாது என்ற பட்டியலில், 08 என்று இருப்பதைப் படியுங்கள். விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகான சீரமைப்பு அந்த விலக்கில் சேராது என்று அதிலேயே இருக்கிறது. நான் கம்பெனிக்கு எழுதினேன், ஒரு மாதம் பதில் இல்லை. காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போனேன். அங்கே கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். பணம் வந்தது. தீக்காயத்துக்குத் தோல் ஒட்டியவர்களும் இதைப் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

சம்பந்தமில்லாமல் ஒன்று. பென்ஷனுக்கு உயிரோடு இருக்கிறார் என்று காட்ட செல்போனில் முகத்தைப் பிடித்தால் 'பொருந்தவில்லை' என்று மூன்று தடவை வந்தது. ஆபீசுக்கு நேரில் கூட்டிப்போனால் அங்கிருந்தவர், "பழைய போட்டோ மாதிரி இல்லையே சார்" என்றார். அப்பா சிரித்துவிட்டார், எனக்குத்தான் வயிறு எரிந்தது.

இப்போது மாடிப்படி ஏறுகிறார். கால் கட்டைவிரல் மட்டும் முன்போல மடங்காது. சாம்பாரில் ஊறிய இட்லி, குழைந்த சோறு, மீன் எல்லாம் இறங்கும். முறுக்கு முடியாது. 'ப', 'ம' சரியாக வராததால் என் மகளைக் கூப்பிடவே புதுப்பெயர் வைத்திருக்கிறார்.

வாய்ப் பயிற்சியை மட்டும் விட்டுவிடாதீர்கள், விட்டால் வாய் இறுகிவிடும். ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கு நடுவே செருகி, ஒவ்வொன்றாகக் கூட்ட வேண்டும். அப்பா ஆரம்பித்தபோது ஆறு குச்சி. இப்போது பதினான்கு. பதினைந்தாவதை நான் செருகப்போனால் கையைத் தட்டிவிடுகிறார்.