ஆப்டோமெட்ரி படித்தால் கண்ணாடிக் கடைதானா?

வணக்கம் அம்மா,

நீட் இரண்டு முறை எழுதியும் இடம் கிடைக்காத மகள் இப்போது ஆப்டோமெட்ரி (பார்வையையும் கண்ணையும் பரிசோதிக்கக் கற்றுத்தரும் படிப்பு) சேர்கிறேன் என்கிறாள், அதைப் படித்தால் கண்ணாடிக் கடையில்தானே நிற்க வேண்டும் என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். தாத்தாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகுதான் அவளுக்கு இந்தப் பிடிவாதம் வந்தது என்றும் எழுதியிருந்தீர்கள். அப்படியென்றால் அவள் தப்பான வாசலைத் தட்டவில்லை.

விழித்திரை, கரு வளரும்போது மூளையிலிருந்தே கிளைத்து வருவது. அதில் ஓடும் நுண்ணிய ரத்தக்குழாய்களுக்கு ஏற்படும் சேதம், மூளைக்குள் நடப்பதையும் ஓரளவு காட்டிக்கொடுக்கும்.

விழித்திரையைப் படமெடுக்கும் ஃபண்டஸ் கேமராவில் எடுத்த படத்தைப் பார்த்திருக்கிறீர்களா? ஆரஞ்சு நிறத் தரையில் மஞ்சள் வட்டம், அதிலிருந்து மரக்கிளை போலப் பிரியும் குழாய்கள். மெல்லியதாக, பளிச்சென்று சிவந்திருப்பது தமனி. தடித்துக் கருஞ்சிவப்பாக இருப்பது சிரை. நல்ல கண்ணில் இரண்டின் அகலமும் ஏறக்குறைய 2:3 கணக்கில் இருக்கும். பிபியை வருடக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் தமனி ஒடுங்கி, அதன் சுவர் தடிக்கும். தமனி சிரையைக் குறுக்கே கடக்கும் இடத்தில் இரண்டுக்கும் உறை ஒன்றுதான். தடித்த தமனி அழுத்த, சிரை அங்கே கிள்ளிவிட்டது போலத் தெரியும். இத்தகைய மாற்றங்கள் உள்ளவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு கூடுதல் என்று, 10,000 பேருக்கு மேல் பரிசோதித்த அமெரிக்காவின் ஆரிக் (ARIC) என்ற ரத்தக்குழாய் நோய் ஆய்வு 2001-இல் காட்டியது.

படத்தை மட்டும் வைத்து 'உங்களுக்கு ஸ்ட்ரோக் வரும்' என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் கண்ணாடி மாற்ற வந்தவரை 'பிபி பாருங்கள், டாக்டரிடம் போங்கள்' என்று முதலில் எச்சரிப்பவர் பல நேரம் ஆப்டோமெட்ரிஸ்ட்தான். ஒரு கண்ணில் திரை விழுந்த மாதிரி சில நிமிடம் பார்வை போய்த் திரும்பியது என்று ஒருவர் சொன்னால், வலி இல்லையே என்று வீட்டுக்கு அனுப்பாமல், அன்றைக்கே ஸ்ட்ரோக் சிகிச்சை உள்ள மருத்துவமனைக்கு அனுப்பத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு குடும்பத்தையே காப்பாற்றுகிற வேலை அது.

சரி, படிப்புக்கு வருவோம். டிப்ளமோ வேண்டாம், பட்டப்படிப்பே சேருங்கள். நான்கு வருடம், அதில் கடைசி வருடம் இன்டர்ன்ஷிப். சென்னையில் எலைட் ஆப்டோமெட்ரி கல்லூரி 1985 முதல் நடக்கிறது. எந்தக் கல்லூரிக்குப் போனாலும் கட்டடத்தைப் பார்க்காதீர்கள். ஃபண்டஸ் கேமராவும், விழித்திரையை அடுக்கடுக்காகப் படமெடுக்கும் ஓசிடி கருவியும் மாணவர் கைக்கு வருமா, எந்தக் கண் மருத்துவமனையில் பயிற்சி என்று கேளுங்கள். தொடக்கச் சம்பளம் பெரிதாக இருக்காது, அறுவை சிகிச்சையும் செய்ய முடியாது. இது அவளுக்கும் தெரிந்திருக்கட்டும். முதுகலை, ஆராய்ச்சி, விழித்திரைப் படங்களைப் படிக்கும் ஏஐ என்று மேலே வழி உண்டு.

அப்புறம், உங்களுக்கும் பிபி இருக்கிறது என்றீர்களே. கவுன்சலிங்குக்கு முன்னால் ஒரு கண் மருத்துவமனையில் விழித்திரைப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மகளையும் கூட்டிப்போங்கள். திரையில் உங்கள் கண்படம் வரும்போது அவள் பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.