ஜெனரேட்டரை எங்கே வைப்பது? மலைநாட்டு வீடுகளுக்கு ஒரு கேள்வி பதில்

இலங்கை மலைநாட்டில் ஹட்டன் பக்கம் 22 வருடமாக வீட்டு வயரிங்கும் சின்ன இன்ஜின் ரிப்பேரும் பார்க்கிறேன். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்து நாட்கணக்கில் இருட்டில் கிடந்த பிறகு, ரோட்டில் கண்டவரெல்லாம் கேட்பது ஜெனரேட்டரைப் பற்றித்தான். "எத்தனை கிலோவாட் வாங்கலாம்?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். "எங்கே வைக்கப் போறீங்க?" என்று நான் திருப்பிக் கேட்டால் முழிக்கிறார்கள். கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன்.

நுவரெலியா, ஒரு டீச்சர்: கொழும்பில தம்பி வீட்டில நல்லா ஓடின 2.5 கிலோவாட் மெஷின். இங்க கொண்டுவந்து ஃப்ரிட்ஜையும் கேத்தலையும் ஒண்ணாப் போட்டா இருமுது, கறுப்புப் புகை வருது. தம்பிய ஏமாத்தி வித்துட்டாங்களா?

யாரும் ஏமாற்றவில்லை டீச்சர். மெஷினுக்கு மூச்சு வாங்குகிறது, அவ்வளவுதான். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரம். அங்கே காற்று மெல்லியது. ஒவ்வொரு 300 மீட்டர் ஏற்றத்துக்கும் சாதாரண இன்ஜின் கிட்டத்தட்ட 3.5 சதவீத பலத்தை இழக்கும். உங்கள் வாசலுக்கு வந்து சேரும்போது ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். 2,500 வாட் மெஷின் உங்களுக்கு 2,000 வாட் மெஷின்தான். கேத்தல் மட்டும் 1,800 வாட் இழுக்கும். அதற்கு மேல் ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸர் கிளம்பும் அந்த ஒரு நொடிக்கு, ஓடும்போது எடுப்பதைப்போல ஐந்து மடங்கு வரை கேட்கும். இருமாமல் என்ன செய்யும்?

கறுப்புப் புகை வேறு கதை. காபரேட்டர் கடலோரக் காற்றுக்கு அளந்து பெற்றோல் விடுகிறது. இங்கே காற்று குறைவு, பெற்றோல் அதே அளவு. எரியாத மிச்சம் புகையாக வருகிறது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், அடுப்புக்கரி பூசின மாதிரி இருக்கும். சில மாடல்களுக்கு உயரமான இடங்களுக்கென்றே சின்ன ஓட்டை உள்ள ஜெட் (காபரேட்டருக்குள் பெற்றோல் வரும் துளைத் துண்டு) விற்கிறார்கள். மெக்கானிக்கிடம் கொடுத்து மாற்றலாம். புகை போகும், பெற்றோல் மிச்சமாகும், ஆனால் போன பலம் திரும்பாது. ஜெட் மாற்றின பிறகு அதே மெஷினைத் தம்பி இரவல் கேட்டால் பழைய ஜெட்டைப் போட்டே கொடுத்தனுப்புங்கள். இல்லாவிட்டால் கொழும்பில் பெற்றோல் பத்தாமல் இன்ஜின் சூடேறிக் கெட்டுப்போகும். அதுவரைக்கும் தேத்தண்ணியை விறகிலோ கேஸிலோ போடுங்கள்.

மஸ்கெலியா, தோட்ட லயன்: அண்ணே, மூணு வீடு சேர்ந்து ஒரு மெஷின் வாங்கலாம்னு இருக்கோம். மழையும் குளிரும் தாங்காது, அதனால இஸ்தோப்புல (முன் விறாந்தையில) வச்சு, முன்னால படங்கு கட்டி ஓட்டலாமா?

தம்பி, கூடவே கூடாது. இந்த ஒரு கேள்விக்காகத்தான் நான் எழுதவே உட்கார்ந்தேன்.

ஒரு சனிக்கிழமை ராத்திரி கொட்டகலைப் பக்கம் ஒரு வீட்டுக்கு லைட் மங்குகிறது என்று கூப்பிட்டார்கள். ஜெனரேட்டர் பின்பக்கத் தாழ்வாரத்தில், சுற்றிவரச் சாக்கு கட்டி நின்றது. குளிருக்கு ஜன்னல் எல்லாம் அடைப்பு. உள்ளே பாட்டிக்குத் தலைவலி, பேரனுக்கு வாந்தி, மருமகள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மத்தியானம் சாப்பிட்ட டின் மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டிருந்தார்கள். ஆனால் பேரன் மீன் தொடாத பிள்ளை. நான் முதலில் மெஷினை அணைத்தேன். எல்லோரையும் வெளியே இறக்கி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். பிழைத்துக்கொண்டார்கள்.

அது காபன் மொனொக்சைட் வாயு. நிறம் இல்லை, மணம் இல்லை. புகை நாற்றம் அடிக்கவில்லை என்பதால் வாயு வரவில்லை என்று நினைக்காதீர்கள். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலியும் மயக்கமும் வந்தால் சாப்பாட்டைச் சந்தேகப்பட முதல் மெஷினைச் சந்தேகப்படுங்கள். தூங்குகிறவருக்கு அந்தத் தலைவலிகூடத் தெரியாது, அப்படியே போய்விடுவார்.

வரிசையாக ஒட்டிக் கட்டின லயன் வீடுகளில் இன்னொரு வில்லங்கம் இருக்கிறது. பல இடங்களில் காம்பராவுக்குக் காம்பரா (அறைக்கு அறை) இருக்கும் சுவர் தகரம்வரை போய் முட்டாது. மேலே எல்லா வீட்டுக்கும் ஒரே வெளி. உங்கள் இஸ்தோப்பில் ஓடும் மெஷின், ஜெனரேட்டரே இல்லாத நாலாவது வீட்டுக் குழந்தையின் மூக்குக்குப் போகும். கதவு, ஜன்னல், கூரை இடுக்கு எதிலிருந்தும் 20 அடிக்குக் குறையாத தூரம் வேண்டும். புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும். மழைக்கு நாலு கம்பு நட்டு மேலே மட்டும் ஒரு தகரம் போடுங்கள். பக்கம் நாலும் திறந்தே இருக்கட்டும். அந்த இடம் கிடைக்காவிட்டால் மெஷினே வாங்க வேண்டாம், கீழே பற்றரியைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன்.

பண்டாரவளை, கடைக்காரர்: ரெண்டு பக்கமும் பிளக் வச்ச வயர் ஒண்ணு செஞ்சு, சுவர் சொக்கெட்ல குத்தினா முழு வீடும் எரியுது. மெயின் சுவிட்ச மறக்காம ஓஃப் பண்ணிருவேன். அப்புறம் என்ன பிரச்சினை?

மறக்காமல் அணைப்பீர்கள், சரி. நீங்கள் இல்லாத நாளில் மகன் அணைப்பானா?

எங்கள் பக்கத்து ட்ரான்ஸ்ஃபோமர் 33,000 வோல்ட்டை இறக்கி வீட்டுக்கு 230 ஆகத் தருகிறது. அதே பெட்டி எதிர்ப்பக்கமும் வேலை செய்யும். நீங்கள் உள்ளேயிருந்து 230 அனுப்பினால், அந்தப் பக்கம் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏறும். கரண்ட் இல்லை என்று நம்பி, மழையில் மரம் விழுந்த லைனைக் கட்ட ஏறியிருப்பவர் ஒரு தாய் பெற்ற பிள்ளை. அது போக, அந்த வயரின் ஒரு முனை சொக்கெட்டிலிருந்து கழன்றால் பிளக் கம்பி இரண்டிலும் கரண்ட் வெளியில் நிற்கும். ஈரக் கையோடு யாராவது எடுத்தால் முடிந்தது.

அனுமதிப்பத்திரம் உள்ள வயர்மேனைக் கூப்பிட்டு சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போடுங்கள். கைப்பிடி மேலே இருந்தால் மின்சார சபை, கீழே இருந்தால் ஜெனரேட்டர், நடுவில் ஒன்றும் இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் சேரவே முடியாது. லைன், நியூட்ரல் இரண்டையும் வெட்டும் வகையாக இருக்கட்டும். லைனை மட்டும் வெட்டும் மலிவு சுவிட்ச் வேண்டாம்.

இங்கே வயர்மேன்மாரே தவறவிடுகிற ஒரு விஷயம். கையில் தூக்கும் ஜெனரேட்டர்களில் பெரும்பாலும் நியூட்ரல் பூமியோடு சேர்ந்திருக்காது. அப்படியானால் ஒருவருக்கு ஷொக் அடித்தாலும் வீட்டு ட்ரிப் சுவிட்ச் விழாமல் இருக்கலாம். ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பார்த்து நம்பாதீர்கள், அந்தப் பொத்தான் எப்படியும் வேலை செய்யும். "ஜெனரேட்டர்ல ஓடும்போது நியூட்ரல் எங்க எர்த் ஆகுது?" என்று கேளுங்கள். பதில் தெரியாமல் தலையைச் சொறிந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

ஹட்டன், ஐந்து பேர் குடும்பம்: எங்களுக்கு எத்தனை கிலோவாட் போதும்?

ஆறு எல்ஈடி பல்ப் 54 வாட், டீவி 80, ரவுட்டர் 10, ஃபோன் சார்ஜர்கள் 40, ஃப்ரிட்ஜ் 150. மொத்தம் 350கூட வராது. ரைஸ் குக்கர் 500 என்று வையுங்கள். தண்ணீர் மோட்டர் அரைக் குதிரை என்றால் ஓடும்போது 600, கிளம்பும்போது அதைப்போல மூன்று மடங்கு. ஆகவே மோட்டரைத் தனியாகப் போட்டுத் தொட்டியை நிரப்பிவிட்டு மற்றதைப் போடுங்கள். ஹட்டன் உயரத்துக்கு 15 சதவீதம் கழித்தாலும் 2.5 கிலோவாட் தாராளம். பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது உச்ச அளவு. தொடர்ந்து ஓடக்கூடிய அளவு பக்கத்துத் தகட்டில் சின்ன எழுத்தில் இருக்கும், அதைப் பாருங்கள். சுடுதண்ணி ஷவரை மறந்துவிடுங்கள், அது மட்டுமே 3,000க்கு மேல் கேட்கும்.

பொகவந்தலாவை: பெற்றோலா டீசலா?

வீட்டுக்குப் பெற்றோல். டீசல் மெஷின் பாரம், சத்தம், விலை. தினமும் மணிக்கணக்கில் ஓட்டும் பேக்கரிக்குத்தான் கட்டுப்படியாகும்.

தலவாக்கலை: மெஷின் பத்து நிமிஷம் ஓடி தானா நிக்குது. எண்ணெய் இருக்கு, பிளக் புதுசு. திருப்பி இழுத்தா ஸ்டார்ட் ஆகுது, திரும்ப நிக்குது.

சரிவில் வைத்திருக்கிறீர்களா? ஒயில் குறைந்தால் இன்ஜினை நிறுத்தும் சென்சர் ஒன்று உள்ளே இருக்கிறது. சாய்ந்து நின்றால் ஒயில் ஒரு பக்கம் ஒதுங்கி, இல்லை என்று அது நினைத்துக்கொள்ளும். நம் ஊரில் சமதரை எங்கே இருக்கிறது! நாலு சீமெந்துக் கல் வைத்து மட்டம் பாருங்கள். அதற்குப் பிறகும் நின்றால் ஒயிலின் அளவைக் குச்சி விட்டுப் பாருங்கள்.

பதுளை: கூரையில சோலார் போட்டிருக்கோம். வெயில் அடிக்குது, கரண்ட் கட்டானா அதுவும் சேர்ந்து கட்டாகுது. எதுக்கு இவ்வளவு காசு குடுத்தோம்?

பில் குறையக் கொடுத்தீர்கள். மின்சார சபை லைனோடு சேர்த்த சோலார் இன்வெர்ட்டர், லைன் செத்ததும் தன்னை நிறுத்திக்கொள்ளும்படிதான் செய்யப்பட்டது. காரணம் பண்டாரவளைக்காரருக்குச் சொன்னதுதான், கம்பத்தில் ஏறியிருப்பவர். கரண்ட் இல்லாத நேரமும் வேலை செய்ய பற்றரியோடு கூடிய ஹைபிரிட் இன்வெர்ட்டர் வேண்டும். ஜெனரேட்டர் போடுவதாக இருந்தால், அது ஓடும்போது சோலார் அதே வயரில் வந்து சேராதபடி வயர்மேன் பார்த்துச் செய்ய வேண்டும். சேர்ந்தால் ஒன்று மற்றதை எரித்துவிடும்.

ஹாலிஎல: அம்மாவுக்கு இன்சுலின். ஃப்ரிட்ஜுக்காகவே ஜெனரேட்டர் வாங்கணுமா அண்ணா?

அதற்காக மட்டும் வேண்டாம் தங்கச்சி. கதவைத் திறக்காமல் விட்டால் ஃப்ரிட்ஜ் 4 மணித்தியாலம் தாங்கும். பாவிக்கத் தொடங்கிய இன்சுலின் பெரும்பாலும் சாதாரண அறைக் குளிரிலேயே நாலு கிழமை அளவு இருக்கும். வகைக்கு வகை மாறும், பெட்டித் தாளில் எழுதியிருப்பார்கள், கிளினிக்கிலும் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். திறக்காததுதான் 2 முதல் 8 பாகைக்குள் இருக்க வேண்டும். ஐஸ் கட்டியில் நேரே படும்படி வைக்காதீர்கள், உறைந்தால் வீண்.

நோர்வூட்: எண்ணெய் எவ்வளவு சேர்த்து வைக்கலாம்? 2022 மாதிரி வந்தா?

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்டை வெட்டினார்கள். பெற்றோல் ஷெட்டில் கேனுக்கு அடிக்கவும் விடவில்லை. ஜெனரேட்டர் வைத்திருந்தவரும் மெழுகுவத்திதான் ஏற்றினார். அந்தப் பயம் எனக்கும் உண்டு. ஆனால் அடுப்பு எரியும் வீட்டுக்குள் பெற்றோல் கேன் வேண்டாம். வெளியே, நிழலில், இறுக்கி மூடின பெற்றோல் கேனில் 10 லீற்றர். இந்த அளவு மெஷின் பாதிச் சுமையில் மணிக்கு ஒரு லீற்றர் சுமாராகக் குடிக்கும். ஒரு நாளைக்கு இரண்டு மணித்தியாலம் ஓட்டினால் ஐந்து நாள். மூன்று மாதத்துக்கு மேல் வைக்காமல் பைக்கிலோ ஆட்டோவிலோ ஊற்றித் தீர்த்துவிட்டுப் புதிதாக நிரப்புங்கள்.

மெஷினை மூடி வைக்கும்போது பெற்றோல் வால்வை மூடிவிட்டு, தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள். காபரேட்டரில் தங்கும் பெற்றோல்தான் பிசினாகி அடைக்கிறது. என்னிடம் ரிப்பேருக்கு வருவதில் பாதி இந்த வியாதி. மாதம் ஒரு தடவை ஏதாவது சுமை கொடுத்துக் கால் மணித்தியாலம் ஓட்டுங்கள். மெஷின் சூடாக இருக்கும்போது மட்டும் பெற்றோல் ஊற்ற வேண்டாம்.

டிக்கோயா: மெஷின் வைக்க இடமும் இல்ல, காசும் இல்ல. லைட்டும் ஃபோனும் போதும்.

உங்களுக்குத்தான் சரியான தேவை தெரிந்திருக்கிறது. 12 வோல்ட் 100 ஆம்பியர்-அவர் லெட் பற்றரி ஒன்றும் சின்ன இன்வெர்ட்டரும் போதும். பற்றரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் சீக்கிரம் சாகும். ஆகவே கைக்கு வருவது 500 வாட்-அவர் அளவு. நாலு பல்ப், ரவுட்டர், இரண்டு ஃபோன் என்றால் ஏழு மணித்தியாலம் ஓடும். சார்ஜ் ஆகும்போது எரியும் வாயு வரும். கட்டிலுக்கு அடியிலும் அடுப்புக்குப் பக்கத்திலும் வைக்க வேண்டாம். அதற்கும் காசு இடிக்கிறதென்றால் சார்ஜ் பல்ப் இரண்டும் பவர் பேங்க் ஒன்றும்.

ஹட்டன், ஒரு பெரியவர்: லக்சபான நம்ம பக்கம், மேல் கொத்மலை நம்ம பக்கம். நாட்டுக்கே கரண்ட் குடுக்கிற மலையில முதல்ல இருட்டாகிறது நாமதானே?

எனக்கும் வயிறு எரிகிறது ஐயா. ஆனால் தலவாக்கலையில் இருக்கும் 150 மெகாவாட் மேல் கொத்மலையிலிருந்து நம் வீட்டுக்கு நேர் வயர் கிடையாது. அந்தக் கரண்ட் பெரிய கோபுர லைனில் ஏறி நாட்டு வலையமைப்புக்குப் போகிறது. நமக்கு வருவது அங்கிருந்து இறங்கி, டர்பன்டைன் மரங்களுக்கும் மண் சரிவுக்கும் நடுவே கம்பம் கம்பமாக வரும் 33,000 வோல்ட் லைனில். ஒரு கிளை விழுந்தால் போதும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறைத் துணை மின்நிலையத்தில் குரங்கு பாய்ந்ததாகச் சொல்லி நாடு முழுக்க இருண்டதே, அன்றைக்கு அணையில் தண்ணீர் இருந்தும் நமக்கு விளக்கு இல்லை.

மஸ்கெலியா, அதே தம்பி: அண்ணே, மெஷின கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில மாத்தியாச்சு. இப்ப வயர் எட்டல. சுருள் வயர் ஒண்ணு இருக்கு, பாவிக்கவா?

பாவியுங்கள். 2.5 சதுர மில்லிமீட்டர் வயராக இருக்கட்டும். சுருளை முழுக்கப் பிரித்து விரித்துவிடுங்கள், சுற்றினபடியே விட்டால் சூடேறி உருகும். நடைபாதைக்குக் குறுக்கே போட வேண்டாம். மற்றது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பாருங்கள். கோழிக்கும் நுரையீரல் இருக்கிறது.