சொந்தமாகச் செய்த மர அறுவை மில்லில் வண்டியை நகர்த்த மோட்டார் எதற்கு?

வளையமாகச் சுழலும் பட்டை பிளேடால் அறுப்பது பேண்ட் சா மில். சொந்தமாகச் செய்யும் சிறிய பேண்ட் சா மில்லில் பெரும்பாலும் மரக்கட்டை அசையாமல் கிடக்கும். பிளேடும் இன்ஜினும் ஏற்றிய வண்டிதான் தண்டவாளத்தில் நகர்ந்து அறுக்கும். சொந்தமாகச் செய்த மில்களில் இந்த வண்டியைப் பெரும்பாலும் கையால்தான் தள்ளுவார்கள். அந்த வேலையைச் சிறு மோட்டாரிடம் விடுகிறோம், அவ்வளவுதான்.

கை தள்ளும் வேகம் சீராக இருக்காது. வேகம் கூடினால் பற்களுக்கு இடையிலுள்ள குழிகளில் மரத்தூள் அடைத்துக்கொள்ளும், பிளேடு சூடாகி வளைந்து ஓடும், பலகையில் அலை அலையாக மேடுபள்ளம் விழும். ரொம்ப மெதுவாகப் போனாலோ பல் வெட்டாமல் உரசும், சீக்கிரம் மழுங்கிவிடும். தையல் மெஷினில் துணியை நாமே இழுத்தால் ஒரு தையல் நீளமாகவும் ஒன்று குட்டையாகவும் விழுமே, அதே கதை.

தேவைப்படுவது 12 வோல்ட் டிசி கியர் மோட்டார், வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு கன்ட்ரோலர், வண்டியை இழுக்கச் செயின் அல்லது கம்பிக் கயிறு. சின்ன மில்லுக்குக் கார் வைப்பர் மோட்டாரே போதும். மோட்டாருக்கும் இழுக்கும் செயினுக்கும் (அல்லது கயிற்றுக்கும்) நடுவில் ஒரு வி-பெல்ட்டைச் சற்றுத் தளர்வாகப் போடுங்கள். பிளேடு மரத்தில் சிக்கினால் பெல்ட் வழுக்கும், பிளேடு தப்பும். இதில்லாமல் நேரடியாக இணைப்பது, என்னைக் கேட்டால், வம்பை விலைக்கு வாங்குவதுதான். தண்டவாளத்தின் இரு முனையிலும் லிமிட் ஸ்விட்ச், அதாவது வண்டி வந்து தொட்டதும் மோட்டாரை நிறுத்தும் ஸ்விட்ச், வைத்துவிடுங்கள்.

மோட்டார் வைத்தால் அறுவை வேகம் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். அதை முடிவு செய்வது இன்ஜினின் பலமும் பிளேடின் கூர்மையும்தான், கணு வரும் இடத்தில் வேகத்தைக் குறைக்க வேண்டியதும் நீங்கள்தான்.