உதவிக் காசு யார் கையில்?

அன்பின் அக்கா,

கிளிநொச்சியில் வெளிநாட்டு நிதியில் நடக்கும் ஒரு வாழ்வாதாரத் திட்டத்தில் கள உத்தியோகத்தராக எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. அண்ணா வேண்டாம் என்கிறார். "2008இல சனம் கும்பிட்டுக் கேக்கக் கேக்க விட்டிட்டுப் போனவங்கள். தீர்வைக் குடுக்காம வீட்டையும் றோட்டையும் குடுத்து வாயை அடைக்கிற காசு அது" என்கிறார். அரசியல் தீர்வு வரும்வரை தமிழர்கள் அந்த உதவியை மறுக்கவேண்டும் என்பது அவருடைய நிலைப்பாடு. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ர., தெஹிவளை

அன்பின் தம்பி,

வேலைக்குப் போங்கள். ஆனால் அண்ணாவோடு சண்டை பிடித்துக்கொண்டு போகாதீர்கள், அவருடைய கோபத்தில் பிழை இல்லை. 2008 செப்டெம்பரில் அரசாங்கம் வன்னியை விட்டு வெளியேறச் சொன்னதும் ஐ.நா. வெளியேறியது. சனம் கிளிநொச்சி அலுவலக வாசலில் நின்று போகவேண்டாம் என்று கெஞ்சியது. போரின் கடைசி மாதங்களில் தாங்கள் தவறியதை ஐ.நா.வின் உள்ளக ஆய்வே 2012இல் ஒப்புக்கொண்டது. அதற்கு முன்பு, 2006 ஓகஸ்டில், மூதூரில் ஒரு பிரெஞ்சுத் தொண்டு நிறுவனத்தின் 17 ஊழியர்கள் அலுவலக வளவுக்குள்ளேயே கொல்லப்பட்டார்கள். எல்லோரும் உங்களைப் போன்ற உள்ளூர்ப் பிள்ளைகள். இன்றுவரை யாருக்கும் தண்டனை இல்லை. இந்த வேலைக்குப் போகிறவர்கள் இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் போகவேண்டும்.

ஆனால் தீர்வு வரும்வரை உதவி வேண்டாம் என்பதை நான் ஏற்கமாட்டேன். தீர்வையும் காசையும் முடிச்சுப் போட்டு ஒருமுறை பார்த்தாயிற்று. 2003 ஜூனில் டோக்கியோ மாநாட்டில் ஏறத்தாழ 450 கோடி டொலர் தருவதாகச் சொன்னார்கள், சமாதான முயற்சி முன்னேறினால் என்ற நிபந்தனையோடு. ஏப்ரலிலேயே பேச்சிலிருந்து விலகியிருந்த புலிகள் அந்த மாநாட்டுக்குப் போகவில்லை. கொழும்பும் வளைந்து கொடுக்கவில்லை. அந்தக் காசைக் காட்டி இரண்டு பக்கத்தையும் அசைக்க முடியவில்லை, காத்திருந்தது தறப்பாளுக்குக் கீழே இருந்த சனம்.

என்னைக் கேட்டால், எவ்வளவு காசு வந்தது என்பதைவிட அதை யார் பங்கிடுவது என்பதில்தான் இந்த நாட்டில் எப்போதும் பிணக்கு. மகாவலி ஆற்றில் அணைகள் கட்டிய திட்டத்தைப் பாருங்கள். விக்டோரியா அணைக்குப் பிரிட்டன், கொத்மலைக்கு சுவீடன், ரந்தெனிகலவுக்கு மேற்கு ஜெர்மனி, மதுறு ஓயாவுக்குக் கனடா. கொடுத்தவர்களுக்கு அது பொறியியல் வேலை, தண்ணீரும் மின்சாரமும். அந்தத் தண்ணீர் பாயும் காணியில் யாரைக் குடியேற்றுவது என்பதைக் கொழும்பு தீர்மானித்தது. கிழக்கிலும் மணலாற்றிலும் தமிழர்களின் மனக்குறை அங்கேதான் முற்றியது. அணைக்குக் காசு கொடுத்த நாடுகள் குடியேற்றப் பட்டியலையும் கேட்டிருக்கவேண்டும்.

ஆழிப்பேரலைக்குப் பிறகு ஒரு வாய்ப்பு வந்தது. 2005 ஜூனில் அரசாங்கமும் புலிகளும் பொதுக் கட்டமைப்பில் கையெழுத்திட்டார்கள். நிவாரணக் காசை வடக்குக் கிழக்கில் மூன்று சமூகத்தவரும் சேர்ந்து பங்கிட ஓர் ஏற்பாடு, அவ்வளவுதான். அதற்கே ஜே.வி.பி. அரசாங்கத்தை விட்டு வெளியேறியது. ஜூலையில் உயர் நீதிமன்றம் முக்கியமான பகுதிகளுக்கு இடைக்காலத் தடை போட்டது. அப்புறம் அது எழும்பவேயில்லை. இன்னொன்றையும் நாங்கள் மறக்கக்கூடாது. அலை கூடுதலான உயிர்களைக் கொண்டுபோனது அம்பாறை மாவட்டத்தில். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை என்று கரையோர முஸ்லிம் ஊர்கள் சிதைந்து கிடந்தன. அப்படியிருந்தும் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட முஸ்லிம்களுக்கு இடம் கிடைக்கவில்லை. கொழும்பு எங்களுக்குச் செய்ததை நாங்கள் அவர்களுக்குச் செய்தோம். இதைச் சொன்னால் எங்கள் ஆட்களுக்குக் கோபம் வரும், வரட்டும்.

காசு சனத்தின் கைக்குப் போனால் என்ன நடக்கும் என்பதற்கு இந்திய வீட்டுத்திட்டம் நல்ல உதாரணம். வடக்குக் கிழக்கில் பெரும்பாலான வீடுகளுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய் பயனாளியின் வங்கிக் கணக்குக்கே கட்டம் கட்டமாகப் போனது. அத்திவாரம் போட்டால் ஒரு பகுதி, சுவர் எழும்பினால் இன்னொரு பகுதி. பரந்தன் பக்கம் கணவனை இழந்த ஓர் அம்மாவின் வீட்டுக்குப் போயிருந்தேன். மேசன் தரும் கணக்கையெல்லாம் ஒரு பள்ளிக்கூடக் கொப்பியில் எழுதி வைத்திருந்தார். எத்தனை பை சீமெந்து, எத்தனை லோட் மணல், யாருக்கு எவ்வளவு பாக்கி. மணல் விலை ஏறியதில் தோடு அடகுக்குப் போயிருந்தது. ஆனாலும் குசினி எந்தப் பக்கம், யன்னல் எங்கே என்பதைத் தானே முடிவெடுத்ததாகச் சொல்லி ஒவ்வொரு அறையாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்.

இதோடு 2016இல் வந்த இரும்பு வீட்டுத் திட்டத்தை வைத்துப் பாருங்கள். 65,000 வீடுகள், ஒவ்வொன்றும் 20 இலட்சத்துக்கு மேல், கொழும்பில் முடிவானது. எங்கள் வெயிலுக்கு இரும்பு வீடா, அந்தக் காசில் கல்வீடு இரண்டு கட்டலாமே என்று சனமும் அவர்களுடைய பிரதிநிதிகளும் எதிர்த்தார்கள். கடைசியில் கைவிட்டார்கள். அண்ணா சொல்வதுபோல உதவியை மறுப்பதற்கும் ஓர் இடம் உண்டு, அது இப்படியான இடம்.

றோட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 வீதியைத் திருத்த வந்தது பெரும்பாலும் சீனக் கடன். அதை வாயை அடைக்கத் தந்த இனாமாக அண்ணா நினைக்கத் தேவையில்லை. ஹட்டனில் கொழுந்து பறிக்கிறவரும் வல்வெட்டித்துறையில் மீன் பிடிக்கிறவரும் வரியில் கட்டும் காசு அது. ஆகவே எங்களுக்குக் கேள்வி கேட்க உரிமை இருக்கிறது.

சரி, உங்கள் வேலைக்கு வருகிறேன். முதலில் பயனாளிகள் பட்டியலைக் கேளுங்கள். அதை யார் போட்டது, கிராம சேவகர் மட்டுமா, ஊர்க் கூட்டத்தில் வாசித்தார்களா என்று பாருங்கள். போர் முடிந்த பிறகு 2008 ஏப்ரலுக்குப் பின் இடம்பெயர்ந்தவர்களைப் புதியவர்கள் என்றும் மற்றவர்களைப் பழையவர்கள் என்றும் பிரித்தார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து புலிகள் விரட்டிய முஸ்லிம்கள் இந்தப் பிரிப்பில் பழையவர்களாகிப் பின்னுக்குப் போனார்கள். தஞ்சமடைந்திருந்த புத்தளத்திலிருந்து திரும்பி வந்தவர்களில் பலர் வளவில் காடு மண்டிக் கிடக்க, உதவி வரும் வரும் என்று பார்த்திருந்தார்கள். உங்கள் பட்டியலிலும் இப்படி விடுபட்டவர்கள் இருப்பார்கள். அவர்கள் வீட்டுக்கும் போங்கள். அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதிக் கொழும்புக்கு அனுப்பச் சொல்வார்கள், அனுப்பத்தான் வேண்டும். அதே கணக்கைத் தமிழில் எழுதி பிரதேச செயலகத்திலும் சனசமூக நிலையத்திலும் ஒட்டுவதற்கு வேலை தொடங்கும் வாரத்திலேயே மேலதிகாரியிடம் அனுமதி கேளுங்கள். அவர் மறுத்தால் எனக்கு எழுதுங்கள், அடுத்து என்ன செய்யலாம் என்று சேர்ந்து யோசிப்போம்.

அன்புடன்,
அக்கா
கொழும்பு